பின்பக்கம்

தொ. ரா. பன்சிலால்,
தாவரவியல் பேராசிரியர், ஓய்வு.
ஓய்வூதியக் கொடுப்பாணை எண் எனக்கு மனப்பாடம்.
முகம் அப்படியில்லை.
தடித்த கண்ணாடியும்
சட்டைப்பையில் ஏதோ ஒரு காய்ந்த விதையுமாகத்தான்
நினைவுக்கு வருகிறார்.

சித்திரையில் வருவார்.
முனிச்சாலையிலிருந்து நடந்து,
குருவிக்காரன் சாலைப் பாலம் தாண்டி,
உயிரோடிருக்கிறேன் என்று
மாவட்டக் கருவூலத்தில் சொல்லிவிட்டுப் போக.
படிவத்தை நீட்டும்போது
"பின்பக்கம் உங்களுக்கு" என்பார்.
அங்கே மைப்பேனாவில் நாலைந்து வரி இருக்கும்.

முதல் வருஷம் நான் படிக்கவில்லை.
வரிசையில் நூற்றிருபது பேர்,
மின்விசிறி ஒன்று.
இரண்டாம் வருஷம் படித்தேன்:

    பாலத்துக்கு அடியில்
    ஆறு போகவில்லை.
    ஆறு இருந்த இடம்
    போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பஸ்ஸில்
ஜன்னலோர இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

முன்னால் நிற்பவர்களை எண்ணும்போது மட்டும்
அவர் உதடு சௌராஷ்டிரத்துக்குப் போய்விடும்.
எழுதியதெல்லாம் தமிழ்.
மாணவர்களைத் திட்டியது இங்கிலீஷில் என்று
அவரே சொன்னார்.

"மறுவேலை எதிலும் இல்லை" என்று
ஒப்பமிடும் இடத்தில் பேனா நிற்கும்.
"கவிதை எழுதுறது சேருமாம்மா?"
"வருமானம் உண்டா சார்?"
"நூறு பிரதி போட்டேன்.
எண்பத்திமூணு கட்டிலுக்கு அடியில கெடக்கு."
"அப்பச் சேராது."
அந்தப் பதினேழு பேர் யாரென்று
கேட்டிருக்கலாம் நான்.

எதிர்சேவை நாளில் ஒருமுறை வந்தார்.
யாரோ துருத்தியில் பீய்ச்சிய தண்ணீரில்
சட்டையும் படிவமும் தொப்பலாக.
பின்பக்கத்தில் நீலம் பரவி
"வேர்" என்ற ஒரே சொல் மிச்சம்.
"ஐயோ, மத்ததெல்லாம் போச்சே சார்."
"அழகர் திருத்திட்டார். விடுங்க."

பிறகு ரேகை எந்திரம் வந்தது.
பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம்.
பன்சிலால், பன்சிலால் இல்லை என்றது.
"முப்பத்தாறு வருஷ சாக்பீஸ்மா, தேச்சிருச்சு."
கடைசியில் கண்ணைக் காட்டி
உயிரோடு வீடு திரும்பினார்.

போன சித்திரையில் பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.
"இந்தத் தடவ
முன்பக்கமே பெரிய விஷயம்" என்றார்.

ஆவணியில் மகள் கலாவதி வந்தார்,
இறப்புச் சான்றின் மூன்று நகல்களோடு.
இருபத்தெட்டாம் தேதி.
மாதத்துக்கு முப்பத்தொரு நாள்.
மூன்று நாள் ஓய்வூதியம் கூடுதலாகப் போயிருந்தது.
வசூலிக்கலாம் என்று குறிப்பு எழுதியது நான்தான்.
கருவூலக் கணக்கில் மட்டும்
அவர் இருந்த மூன்று நாள்.

"அப்பா எழுதினது கொஞ்சம்
உங்க ஆபீஸ்ல இருக்குன்னு சொல்வாங்க."

ஐந்தாண்டுக்கு முந்தைய படிவங்கள்
பங்குனியில் எடைக்குப் போய்விட்டன.
ஆணை மேலிடத்து ஆணை;
சணல் கயிற்றால் கட்டியது நான்.
ஆற்றுக் கவிதை அந்தக் கட்டில் போயிற்று.
ஆறு இருந்த இடமா, ஆறு இருந்த வழியா,
அவர் எழுதியது எது என்று
இப்போது சந்தேகமாயிருக்கிறது.
கலாவதியிடம் "இடம்" என்றே சொன்னேன்.

அசலைக் கொடுக்க விதியில்லை.
வெளியே எடுத்துப் போகவும் விதியில்லை.
மதியச் சாப்பாட்டு நேரத்தில்
கலெக்டர் ஆபீஸ் வாசல் ஜெராக்ஸ் கடைக்கு
எடுத்துப் போனேன்.
"முன்பக்கம் மேடம்?"
"வேண்டாம்."
ஐந்தாவது தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதுல ஒண்ணுமே இல்லையே."
"எடு."
கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம்
ஒருமுறை போய் வந்தது.
அஞ்சு தாள், பத்து ரூபாய் என்றான்.